ஸ்பானிஷ் 'யாவே', லத்தீன் 'கிளாவிஸ்', நம்ம சாவி: கேள்வி பதில்

ஸ்பானிஷில் சாவிக்கு 'யாவே' என்று பெயர். எழுதும்போது முதலில் இரண்டு எல் வரும். அதன் லத்தீன் மூலத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் அதற்கு இருக்கும் சொந்தங்களைப் பற்றியும் நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பது என் தொழில். லத்தீன் எப்படிச் சிதைந்து ஸ்பானிஷ் ஆனது என்ற கதை எனக்கு உயிர். அதற்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு சொற்கள் காதுக்கு ஒரே மாதிரி கேட்கின்றன என்பது ஆதாரமே ஆகாது. இதை இன்னும் பல தடவை சொல்ல வேண்டி வரும் என்று தெரியும். இருந்தாலும் சொல்வேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, கோவை): சார், கிளாவிஸ் எப்படி யாவே ஆச்சு? முதலில் இருந்த 'க்' எங்கே போச்சு?

நல்ல இடத்தில் ஆரம்பித்தீர்கள். லத்தீனில் எழுவாயாக வந்தால் 'கிளாவிஸ்', செயப்படுபொருளாக வந்தால் 'கிளாவெம்'. ஸ்பானிஷ் பெயர்ச்சொற்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வடிவத்திலிருந்து வந்தவை. கடைசி 'ம்' ரோமானியர் காலத்திலேயே பேச்சில் தேய்ந்துவிட்டது. மிஞ்சியது 'கிளாவே'.

அப்புறம்தான் சுவையான பகுதி. சொல்லின் தொடக்கத்தில் 'க்ல', 'ப்ல', 'ஃப்ல' என்று வரும் கூட்டொலிகளில், லகரம் நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தைத் தொடும் ஒலியாக, கிட்டத்தட்ட 'ல்ய' என்று மாறியது. 'க்லா' என்பது 'க்ல்யா' ஆனது. இதை நீங்களே வேகமாகப் பத்து முறை சொல்லிப் பாருங்கள், வாய் எவ்வளவு சிரமப்படுகிறது என்று தெரியும். அந்தச் சிரமத்தை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்துக்கொண்டது. ஸ்பானிஷ் முதல் எழுத்தைக் கைவிட்டது: 'ல்யாவே'. இத்தாலியன் லகரத்தைக் கைவிட்டது: 'கியாவே'. போர்த்துக்கீசியம் இரண்டையும் ஒன்றாக நசுக்கி, 'பச்சை'யில் வரும் 'ச்' மாதிரி ஒரே ஒலியாக்கியது: 'சாவெ'. அந்த 'ச்' பிற்பாடு 'ஷ' ஆகிவிட்டது, கீழே வரும் போர்த்துக்கீசியச் சொற்களில் இருப்பது இன்றைய ஒலி. பிரெஞ்சு இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. அங்கே இன்றும் 'க்லே'தான்.

இது ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் வரிசையாக நடந்திருக்கிறது. நிறைந்தது என்பதற்கு லத்தீனில் 'பிளேனுஸ்'. ஸ்பானிஷில் 'யேனோ', போர்த்துக்கீசியத்தில் 'ஷேயூ', இத்தாலியனில் 'பியேனோ'. மழைக்கு லத்தீன் 'புளூவியா'. ஸ்பானிஷில் 'யூவியா', போர்த்துக்கீசியத்தில் 'ஷூவா'. தீச்சுடருக்கு 'ஃபிளாம்மா'. ஸ்பானிஷில் 'யாமா', போர்த்துக்கீசியத்தில் 'ஷாமா', இத்தாலியனில் 'ஃபியாம்மா'. கூப்பிடுவதற்கு 'கிளாமாரே'. ஸ்பானிஷில் 'யாமார்', போர்த்துக்கீசியத்தில் 'ஷமார்', இத்தாலியனில் 'கியாமாரே'. இப்படி மாறாமல் திரும்பத் திரும்ப வருகிற வாய்பாடுதான் எனக்கு ஆதாரம்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். 'ல்யாவே' என்ற பழைய ஒலி இன்றும் ஆண்டிஸ் மலைப் பகுதிகளிலும் பராகுவேயிலும் உயிரோடு இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் 'யாவே'. புவெனஸ் ஐரிஸ் பக்கம் போனால் 'ஷாவே'. பிரேசிலில் 'ஷாவி'. ஒரே லத்தீன் சொல் வெவ்வேறு பாதையில் சுற்றி வந்து, தென் அமெரிக்காவில் பக்கத்துப் பக்கத்து நாடுகளில் ஏறக்குறைய ஒரே ஒலியில் வந்து நிற்கிறது!

கேள்வி (ஆங்கில ஆசிரியர், திருச்சி): ஆங்கிலத்தில் இதன் சொந்தங்கள் எவை என்று தொகுத்துச் சொல்ல முடியுமா ஐயா?

நேர் வாரிசுகள், ஒன்றுவிட்ட சொந்தங்கள் என்று பிரித்துக்கொள்வோம் ஐயா.

கிளாவிஸிலிருந்து நேராக வந்தவற்றில் முதலாவது இசைக் குறியீட்டின் 'க்ளெஃப்'. ஐந்து கோடுகளின் இடப்பக்கம் நிற்கும் அந்தச் சுழிதான் எந்தக் கோடு எந்தச் சுரம் என்று திறந்து காட்டுகிறது, அதனால் சாவி. பிறகு விசைப்பலகை வாத்தியங்களான 'கிளேவியர்', 'கிளாவிகார்ட்'. தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் காறை எலும்பான 'கிளாவிக்கிள்'. லத்தீனில் 'கிளாவிகுலா' என்றால் குட்டிச் சாவி. பிறகு 'கான்கிளேவ்', சாவி போட்டுப் பூட்டக்கூடிய அறை. 'என்கிளேவ்', இன்னொரு நாட்டுக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கும் நிலம்.

ஒன்றுவிட்ட சொந்தங்கள் இன்னும் அதிகம். லத்தீனில் மூடுவதற்கு 'கிளாவ்டெரெ'. கிளாவிஸும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கொக்கி, முளை, ஆணி என்ற பொருளுள்ள மிகப் பழைய வேர் அது. அந்தப் பக்கத்திலிருந்து 'க்ளோஸ்', 'க்ளாசெட்', 'க்ளாஸ்' என்கிற வாக்கியத் துண்டு, 'இன்க்ளூட்', 'எக்ஸ்க்ளூட்', 'கன்க்ளூட்', 'கிளாஸ்ட்ரோஃபோபியா' எல்லாம் வருகின்றன. வாய்க்கால் மதகைக் குறிக்கும் 'ஸ்லூஸ்' என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். தண்ணீரை வெளியே நிறுத்திவைப்பது என்ற பொருளில் 'எக்ஸ்க்ளூசா' என்று இருந்தது, பழைய பிரெஞ்சு வழியாக வந்து தலையை இழந்துவிட்டது.

மூன்றாவது கிளை, ஆணியைக் குறிக்கும் லத்தீன் 'கிளாவுஸ்'. கிராம்பு பார்க்க ஆணி மாதிரி இருப்பதால் ஸ்பானிஷில் ஆணிக்கும் கிராம்புக்கும் ஒரே சொல், 'கிளாவோ'. ஆங்கிலத்தில் கிராம்புக்கு வழங்கும் 'க்ளோவ்' பிரெஞ்சு வழியாக வந்த அதே ஆணி. ஆனால் பூண்டுப் பல்லுக்குச் சொல்லும் 'க்ளோவ்' வேறு. அது பிளப்பது என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வேரிலிருந்து வந்தது. எழுத்தும் ஒலியும் அச்சு அசலாக ஒன்று, சமையலறையில் ஒரே அலமாரி, ஆனாலும் சொந்தம் இல்லை. நான் முதலில் சொன்ன எச்சரிக்கைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கேள்வி: ஆங்கில 'கீ'யும் கிளாவிஸ்தானே? க வருகிறதே?

இல்லை. 'கீ' பழைய ஆங்கிலச் சொல். லத்தீனோடு அதற்குத் தொடர்பு கிடையாது. ஒரு ககரம் ஒத்துப்போவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி (செவிலியர், வேலூர்): எங்கள் அறுவை அரங்கில் இருக்கும் ஆட்டோகிளேவும் இந்தச் சாவிதானா?

ஆமாம் சிஸ்டர், அதேதான். 'ஆட்டோ' கிரேக்கம், தானாக. 'கிளேவ்' லத்தீன் சாவி. தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் பாத்திரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். உள்ளே நீராவி அழுத்தம் ஏற ஏற மூடி இன்னும் இறுகும், அந்தக் குணத்தால் வந்தது. கருவிகளைக் கிருமி நீக்க உதவும் ஆட்டோகிளேவை 1879இல் உருவாக்கியவர் சார்லஸ் ஷாம்பர்லாண், லூயி பாஸ்டரோடு வேலை பார்த்தவர். நீங்கள் தினமும் 121 டிகிரியில் வைத்து எடுக்கும்போது, சாவி இல்லாத ஒரு பூட்டைத்தான் திறந்து மூடுகிறீர்கள்.

கேள்வி: சார், உங்கள் வாய்பாடு சரி என்றால் பூவுக்கு 'யோர்' என்றல்லவா வர வேண்டும்? ஏன் 'ஃப்ளோர்'? 'கிளாரோ', 'பிளாஸா' எல்லாம் அப்படியே இருக்கின்றனவே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வாய்பாட்டை வைத்துக்கொண்டு விதிவிலக்கைத் தேடுபவர்தான் உண்மையில் படிக்கிறார்.

லத்தீன் செத்துப்போய் ஸ்பானிஷ் பிறந்தது என்று சொல்வது வசதிக்காக. உண்மையில் லத்தீன் தேவாலயத்திலும் நீதிமன்றத்திலும் பள்ளியிலும் ஆயிரம் வருடத்துக்கு மேல் புழங்கிக்கொண்டே இருந்தது. அடுப்படியிலும் வயலிலும் புழங்கிய சொற்கள் வாய்க்கு வாய் தேய்ந்தன. படித்தவர்கள் வாயில் அடிக்கடி லத்தீனாகவே கேட்ட சொற்கள் அதிகம் தேயவில்லை, அல்லது பாதி தேய்ந்து நின்றுவிட்டன. பூ, தெளிவு போன்ற சொற்கள் ஜெபத்திலும் பிரசங்கத்திலும் ஓயாமல் வருபவை.

இதனாலேயே ஒரே லத்தீன் சொல் ஸ்பானிஷுக்குள் இரண்டு தடவை நுழைந்திருக்கிறது. வீட்டுப் பிள்ளையாக வளர்ந்தது 'யாவே'. புத்தகத்திலிருந்து பிற்காலத்தில் எடுத்துவந்தது 'கிளாவே'. யாவே கதவைத் திறக்கும். கிளாவே என்றால் சங்கேதக் குறி, கடவுச்சொல், இசையின் க்ளெஃப், ஒரு விஷயத்தின் சூட்சுமம். உங்கள் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மாட்ரிடில் 'கிளாவே' என்று கேட்பார்கள்.

போர்த்துக்கீசியத்தில் இந்த அடுக்குகள் இன்னும் தெளிவாகத் தெரியும். பழைய அடுக்கில் சாவி 'சாவெ' ஆனது. அடுத்த அடுக்கில் லகரம் ரகரமாக மாறியது: ஆணி 'கிராவு', சதுக்கம் 'பிராஸா', வெள்ளி 'பிராட்டா'. மூன்றாவது அடுக்கு, புத்தகத்திலிருந்து மாறாமல் எடுத்தது. ஒரு சொல்லைப் பார்த்தாலே அது எந்தக் காலத்தில், யார் வாய் வழியாக வந்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கேள்வி: ஸ்பானிஷ் 'மூச்சோ', ஆங்கில 'மச்' ரெண்டும் ஒரே பொருள், ஒரே ஒலி. நிச்சயம் சொந்தம்தானே?

சொந்தமே இல்லை. மூச்சோ லத்தீன் 'முல்டும்' என்பதிலிருந்து வந்தது, அதன் ஆங்கில உறவு 'மல்டி'. 'மச்' பழைய ஆங்கில 'மிச்செல்', பெரியது என்று பொருள். அதன் லத்தீன் உறவு 'மாக்னுஸ்'.

கேள்வி: அப்படியென்றால் லத்தீன் 'ஹாபேரே', ஆங்கில 'ஹேவ்'? இரண்டும் 'வைத்திருத்தல்' தானே?

இல்லை. ஆனால் காரணம் அழகானது என்பதால் சொல்கிறேன். லத்தீன் ககரம் இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களில் ஹகரம் இருக்கும். கொம்புக்கு லத்தீன் 'கோர்னு', ஆங்கிலம் 'ஹார்ன்'. நூறுக்கு 'கெண்டும்', 'ஹண்ட்ரட்'. நாய்க்கு 'கானிஸ்', 'ஹவுண்ட்'. ஆகவே ஹேவின் உடன்பிறப்பு லத்தீனில் ககரத்தில் தொடங்க வேண்டும். தேடினால் கிடைக்கிறது: பிடிப்பது என்ற பொருளுள்ள 'காபெரே'. ஹாபேரேயின் ஆங்கில வாரிசுகள் 'ஹேபிட்', 'எக்ஸிபிட்', 'ஏபிள்'.

கேள்வி: 'தியா', 'டே'? நாள்தானே ரெண்டுமே?

இல்லை. ஒலி ஒத்துப்போவது ஆதாரம் ஆகாது.

கேள்வி: 'இஸ்லா', 'ஐலண்ட்'?

இஸ்லாவும் 'ஐல்' என்பதும் லத்தீன் 'இன்சுலா'. 'ஐலண்ட்' பழைய ஆங்கிலம். ஐலைப் பார்த்து எஸ் எழுத்தைப் பிற்காலத்தில் செருகினார்கள். உச்சரிப்பில் அது வராததற்குக் காரணமும் அதுதான். இந்த வகைக் கேள்விகள் இன்னும் நிறைய வந்திருக்கின்றன. ஜோடியை மட்டும் அனுப்பாதீர்கள். அதே மாற்றம் வேறு இரண்டு சொற்களிலாவது நடந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள், உட்கார்ந்து பேசலாம்.

கேள்வி: ஸ்பெயினில் மேற்படிப்புக்கு விசா எப்படி எடுப்பது?

தூதரகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். அது என் துறை இல்லை.

கேள்வி (தஞ்சாவூர்): போர்த்துக்கீசியம் சாவெ என்கிறீர்கள். நம் சாவி அங்கிருந்து வந்தது என்று சொல்ல வருகிறீர்களா? சாவி தூய தமிழ்ச் சொல். 'பயிர் சாவியாகப் போச்சு' என்று எங்கள் ஊரில் சொல்வோம். அவர்கள்தான் நம்மிடமிருந்து எடுத்துப் போனார்கள்.

பயிர் சாவியாகப் போவது தமிழ்தான் ஐயா. 'சா' என்ற வினையிலிருந்து வந்தது, மணி பிடிக்காமல் செத்த கதிர், பதர். அதற்கும் கதவுச் சாவிக்கும் தொடர்பு இல்லை. பூண்டின் க்ளோவும் கிராம்பின் க்ளோவும் போல.

கதவுச் சாவி போர்த்துக்கீசியம். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். போர்த்துக்கீசியம் பேசும் ஊருக்கு வடக்கே ஸ்பெயினின் கலீசியா இருக்கிறது, அங்கேயும் சாவிக்குச் 'சாவெ'தான். இத்தாலியில் 'கியாவே', ருமேனியாவில் 'கேயே'. எல்லாம் ஒரே லத்தீன் தாயின் பிள்ளைகள். நம்மிடமிருந்து போயிருந்தால் மழை, தீச்சுடர், நிறைவு, கூப்பிடுதல் எல்லாவற்றிலும் அதே சகரம் வரிசையாக எப்படி வந்திருக்கும்?

இன்னொரு சான்று, மராத்தி, குஜராத்தி 'சாவி', இந்தி 'சாபி' எல்லாவற்றிலும் அழுத்தமான 'ச்ச' ஒலி. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியர் அப்படித்தான் உச்சரித்தார்கள். அவர்கள் பிற்பாடு 'ஷ'வுக்கு மாறிவிட்டார்கள். நாம் வாங்கியது பழைய ஒலி, அதை இந்தக் கரைகள் பத்திரமாக வைத்திருக்கின்றன.

அதே நபர்: அப்போ அவர்கள் வரும் முன் தமிழனுக்குப் பூட்டும் சாவியும் இல்லையா?

பொருள் இல்லாமல் இருந்தால்தான் சொல்லைக் கடன் வாங்குவார்கள் என்று நினைப்பது தவறு. நம்மிடம் திறவுகோல் இருந்தது. தாழ் இருந்தது, அதைத் திறக்கும் கோல் இருந்தது. மலையாளத்தில் சாவிக்கு இன்றும் 'தாக்கோல்' என்பார்கள், அது நம் தாழ்க்கோல்தான். ஆங்கிலேயனுக்கு முகம் இருந்தது, ஆனாலும் 'ஃபேஸ்' என்ற சொல்லைப் பிரெஞ்சிலிருந்து வாங்கினான். வணிகம் நடக்கும் துறைமுகத்தில் சொற்களும் கைமாறும், அதில் யாருக்கும் இழுக்கு இல்லை.

இன்னொருவர் (சென்னை): எப்பவும் நாம்தான் வாங்கினோமா அண்ணா? நாம் கொடுத்தது எதுவும் இல்லையா?

கொடுத்தோம் தம்பி. மாங்காய் போர்த்துக்கீசியத்தில் 'மாங்கா' ஆகி, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் 'மாங்கோ' ஆனது. கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது. இவற்றை நான் ஏற்றுக்கொள்வதும் சாவியைக் கடன் என்பதும் ஒரே அளவுகோலால்தான். நமக்குப் பெருமை தரும்போது ஒரு அளவுகோல், தராதபோது வேறு என்று வைத்துக்கொள்ள எனக்கு மனம் வராது.

தஞ்சாவூர் நபர் மீண்டும்: லத்தீனே தமிழிலிருந்து வந்திருந்தால்?

ஒலி மாற்ற வாய்பாடு ஒன்றைக் காட்டுங்கள், குறைந்தது பத்துச் சொற்களில். அதுவரை இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஐயா, நாங்கள் சாவி எண்டு சொல்லுறேல்ல, திறப்பு எண்டுதான் சொல்லுவம். போர்த்துக்கேயர் எங்களையும் ஆண்டவைதானே?

இதை நீங்கள் எழுதியதற்கு நன்றி ஐயா. மேலே நடந்த சண்டைக்கு இது நல்ல மருந்து. போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல், யாழ்ப்பாண அரசு அவர்கள் கைக்குப் போனது 1619இல். உங்கள் பேச்சில் அவர்கள் விட்டுப்போன சொற்கள் எங்களுடையதைவிட அதிகம். ஆனால் சாவிக்கு மட்டும் தமிழ்ச் சொல்லையே வைத்திருக்கிறீர்கள். யார் ஆண்டார்கள் என்பதை மட்டும் வைத்து எந்தச் சொல் தங்கும் என்று கணிக்க முடியாது.

உங்கள் 'பாண்', லத்தீன் 'பானிஸ்'. ஆங்கிலத்தில் 'கம்பெனி', 'கம்பேனியன்' இரண்டும் அதன் சொந்தங்கள், ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர் என்று பொருள். உங்கள் 'கதிரை' போர்த்துக்கீசிய 'கதேய்ரா', லத்தீன் வழியாகக் கிரேக்கக் 'கதெட்ரா'. ஆங்கிலத்தில் அது 'சேர்' ஆனது, பிஷப்பின் இருக்கை உள்ள கோயில் 'கதீட்ரல்' ஆனது. ஸ்பானிஷில் 'கதேரா' என்றால் இடுப்பு! உட்காரும் பொருளிலிருந்து உட்காரும் உறுப்புக்கு நகர்ந்துவிட்டது.

கேள்வி: மெக்சிகோவில் ஒருவர் 'யாவேயை மூடு' என்றார். சாவியை எப்படி மூடுவது?

அவர் சொன்னது தண்ணீர்க் குழாயை. லத்தீன் அமெரிக்காவில் பல நாடுகளில் குழாய்க்கும் யாவே என்பார்கள். ஸ்பேனருக்கும் யாவேதான். அதில் திருகி அளவு மாற்றக்கூடிய வகைக்கு 'ஆங்கிலச் சாவி' என்று பெயர்.

கேள்வி: என் பழைய அகராதியில் இரட்டை எல்லுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, புதியதில் இல்லையே?

1994இல் அகர வரிசையில் அதை எல்லுக்குள் சேர்த்தார்கள். 2010இல் தனி எழுத்து என்ற தகுதியையும் எடுத்துவிட்டார்கள்.

கேள்வி (நாகர்கோவில்): போப்பைத் தேர்ந்தெடுக்கும் கான்கிளேவில் உண்மையிலேயே சாவி போட்டுப் பூட்டினார்களா?

பூட்டினார்கள். நான்காம் கிளமெண்ட் 1268 நவம்பரில் இத்தாலியின் விட்டெர்போ நகரில் இறந்தார். கர்தினால்கள் அங்கேயே கூடினார்கள். ஆனால் மாதங்கள் ஓடியும் முடிவு வரவில்லை. பொறுமை இழந்த ஊர்க்காரர்கள் அவர்களை மாளிகைக்குள் வைத்துப் பூட்டி, சாப்பாட்டைக் குறைத்து, கடைசியில் கூரையையே பிரித்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். 1271 செப்டம்பரில் ஒருவழியாகத் தேர்வானவர் அந்த அறையில் இல்லாத ஒருவர். சிலுவைப் போர்க் களமான ஆக்ரேயில் இருந்தார். அவர்தான் பத்தாம் கிரிகோரி. 1274இல், இனி கர்தினால்களைப் பூட்டித்தான் வைக்க வேண்டும், நாள் ஆக ஆக உணவைக் குறைக்க வேண்டும் என்று சட்டமாகவே போட்டுவிட்டார்.

கேள்வி: 'லாமா' என்ற மிருகமும் தீச்சுடர் 'யாமா'வும் ஒன்றா?

இல்லை. மிருகத்தின் பெயர் பெரு நாட்டுக் கெச்சுவா மொழி. தீச்சுடர் லத்தீன் 'ஃபிளாம்மா'. 'கூப்பிடுகிறான்' என்ற 'யாமா' லத்தீன் 'கிளாமாட்'. ஒரே எழுத்து, மூன்று சொல். ஒலியை நம்பாதீர்கள்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி, தேனி): சார், நீங்கள் சொன்ன வாய்பாட்டை நானே போட்டுப் பார்த்தேன். இத்தாலியனில் 'ப்ல' வந்தால் 'பிய' ஆகும் என்றீர்கள். அப்படியானால் 'பியானோ'வுக்கு லத்தீனில் 'பிளானோ' மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். ஸ்பானிஷில் அது 'யானோ' ஆக வேண்டும். சரியா?

முழுக்கச் சரி! லத்தீனில் 'பிளானுஸ்', சமமானது, தட்டையானது. ஸ்பானிஷில் 'யானோ' என்றே இருக்கிறது. கொலம்பியாவிலும் வெனிசுலாவிலும் பரந்து கிடக்கும் புல்வெளிச் சமவெளிக்கு 'யானோஸ்' என்று பெயர். ஆங்கிலத்தில் 'பிளெயின்', 'பிளேன்' இரண்டும் அதே குடும்பம். இத்தாலியனில் சமம் என்பது மென்மை என்று பொருள் விரிந்தது. 1700 வாக்கில் ஃபிளாரன்ஸில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி செய்த விசைப்பலகை வாத்தியம், அழுத்துகிற அளவைப் பொறுத்து மெல்லவும் உரக்கவும் ஒலித்தது. மெல்ல என்பதற்குப் 'பியானோ', உரக்க என்பதற்கு 'ஃபோர்த்தே'. இரண்டையும் சேர்த்துச் சொன்ன பெயர் பிறகு பாதியாகச் சுருங்கிவிட்டது.

நீங்கள் ஒலியைக் கேட்டு ஊகிக்கவில்லை, வாய்பாட்டைப் போட்டு இருக்க வேண்டிய சொல்லைக் கண்டுபிடித்தீர்கள். அடுத்து இதைச் செய்து பாருங்கள். லத்தீனில் அழுவதற்கு 'புளோராரே'. ஸ்பானிஷில் என்ன ஆகும், போர்த்துக்கீசியத்தில் என்ன ஆகும்? ஆங்கிலத்தில் 'இம்ப்ளோர்', 'டிப்ளோர்' மட்டுமில்லாமல் 'எக்ஸ்ப்ளோர்' என்பதும் அதன் வாரிசு. தேடி அலைவதற்கும் கத்துவதற்கும் என்ன தொடர்பு என்று யோசித்து எழுதுங்கள். வேட்டைக்காரர்களை நினைத்துக்கொண்டால் வழி கிடைக்கும்.